நிதானமான பிள்ளை என்றால் மந்தமான பிள்ளையா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் கன்னடம். பெண் பார்க்க வந்த திருநெல்வேலிக் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய என்ன செய்யப் போற?" என்று கேட்டிருக்கிறார். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பவே சொல்லத் தெரியல அத்தை, ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்றோம்" என்றாராம். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்த அம்மா, "பிள்ள நல்ல நிதானமான பிள்ள" என்று இவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கன்னடத்தில் 'நிதான' என்றால் மெதுவாக. தன்னை மந்தம் என்று சொல்லிவிட்டாரோ என்று இவருக்குக் குழப்பம். அம்மாவோ அது பாராட்டு என்கிறார். ஒரே சொல் பாராட்டாகவும், மெதுவாக என்பதாகவும், குடித்துவிட்டு இழக்கக்கூடிய ஒன்றாகவும் எப்படி இருக்க முடியும் என்பது கேள்வி.

உங்கள் அம்மா சொன்னதே சரி. பாராட்டுதான். அதுவும் பெண் பார்க்கும் இடத்தில் எளிதில் கிடைக்காத பாராட்டு. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. எலக்ட்ரானிக் தராசு வருவதற்கு முந்தைய காலம், ஆகவே தொங்கும் தராசுதான். ஒரு தட்டில் எடைக்கல், இன்னொரு தட்டில் துவரம்பருப்பு, நடுவில் முள். பள்ளி விட்டு வந்து நான் எடை போடுவேன். பருப்பைக் கொட்டியதும் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஆடும்போதே எடுத்துக் கட்டிவிடப் பார்ப்பேன். அப்பா தலையை நிமிர்த்தாமலே, "முள்ளு நிக்கட்டும்டா, நிதானமா பாரு" என்பார். அதே நேரம் கடை வாசலில் நின்று "பேக கொடி" (சீக்கிரம் கொடுங்க) என்று அவசரப்படுத்தும் கன்னட அம்மாவிடம், "ஸ்வல்ப நிதானம்மா" என்பார்.

ஒரே மூச்சில் ஒரே சொல்லை இரண்டு பேரிடம் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சொன்னது, கொஞ்சம் பொறுங்கள், மெதுவாக என்று. எனக்குச் சொன்னது, சரியாகக் கணித்துப் பார் என்று. இரண்டும் வேறு வேறு என்று எனக்குப் பல வருஷம் உறைக்கவே இல்லை. பிற்பாடு கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அதுவும் ஒரு தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிறகு.

அது ஒரு மருந்துத் துண்டுப்பிரசுரம். மருந்து மெள்ள மெள்ள வேலை செய்யும், உடனே பலன் தெரியாது என்று சொல்லவேண்டிய இடம். மூலத்தில் 'நிதானவாகி' என்று இருந்தது. நானும் 'மருந்து நிதானமாக வேலை செய்யும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்த மதுரைக்காரப் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, மத்த மருந்தெல்லாம் குடிச்சுட்டா வேலை செய்யுது?" என்று கேட்டார். அச்சுக்குப் போகுமுன் மாற்றினோம்.

அந்தக் கிண்டலில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. தமிழில் நிதானம் என்பது வேகத்தின் அளவு கிடையாது. வேகமாகப் போகும் திறன் இருந்தும், பார்த்து, அளந்து, தன்னைக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான் நிதானம். நெட் வேகம் குறைந்தால் கன்னட நண்பர் 'நெட் நிதான' என்பார். நாம் 'நெட் நிதானமா இருக்கு' என்று சொல்வதில்லை. அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் 'மெதுவா' வரும், நிதானமாக வராது. ஆனால் 'மழை நின்று நிதானமாகப் பெய்தது' என்று சொல்கிறோமே என்று நீங்கள் மடக்கலாம். சொல்கிறோம்தான். அடித்துக்கொண்டு ஓடாமல், மண் குடிக்கக் குடிக்கப் பெய்யும் மழையைத்தான் அப்படிச் சொல்கிறோம். மழைக்கு ஒரு மனசு இருப்பதாக வைத்துக்கொண்டு அதைப் பாராட்டுகிற பேச்சு அது. வெறுமனே மெதுவாகப் பெய்தால் அதற்குத் தூறல் என்று வேறு பெயர் இருக்கிறது.

குடி விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. போதையில் இருப்பவரை 'ஆள் நிதானத்தில் இல்லை' என்கிறோம். 'நிதானம் இழந்து', 'நிதானம் தவறி' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இப்போது அந்த ஆள் நடப்பதைப் பாருங்கள். ஒரு அடி வைத்து, நின்று, சுவரைப் பிடித்து, அடுத்த அடி வைக்கிறார். தெருவிலேயே மெதுவாக நடப்பவர் அவர்தான். ஆனாலும் அவருக்கு நிதானம் இல்லை. மெதுவு நிறைய இருக்கிறது, நிதானம் துளியும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இப்படி ஒரு வாக்கியமே தமிழில் வந்திருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இன்னொன்று உண்டு. ஊர்ப்பக்கம் போனால் கேட்கலாம், இங்கே பெங்களூர்த் தமிழில் தேய்ந்துகொண்டு வருகிறது. கண்புரை வந்த பாட்டி, "எனக்கெங்கே கண்ணு தெரியுது, ஒரு நிதானத்துலதான் நடமாடறேன்" என்பாள். அதாவது, பார்க்காமலே ஒரு கணிப்பில். இத்தனை அடியில் திண்ணை, இத்தனை அடியில் வாசப்படி என்று உடம்புக்குள் இருக்கிற அளவு. 'இருட்டில் படி நிதானம் தெரியல', 'நிதானம் தெரியாம ரிவர்ஸ் எடுத்துச் சுவத்துல இடிச்சுட்டான்', 'உப்பை ஒரு நிதானமா போடு', 'கண் நிதானத்துல ஒரு ரெண்டு கிலோ இருக்கும்' எல்லாம் இந்த வகை. இவை எதிலும் மெதுவு என்கிற வாசனையே இல்லை. தூரம், எடை, அளவு இவற்றைக் கருவி இல்லாமல் கண்ணாலோ கையாலோ கணிக்கிற திறன். சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று போடுகிறார்களே, அந்தத் தேவையான அளவைத் தெரிந்து வைத்திருப்பதற்குப் பெயர் இது.

இந்தச் சொல்லுக்கு வினையும் உண்டு: நிதானி. பேச்சில் குறைவு. இதைச் சரளமாகப் புழங்கியவர்கள் பழைய தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள். பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குப் போகிற குடும்பத்தில் யாராவது பழகியிருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள். லூக்கா ஏழாம் அதிகாரத்தில் ஒரு காட்சி. கடன் கொடுத்தவர் ஒருவருக்கு இரண்டு கடன்காரர்கள். ஒருவன் ஐந்நூறு வெள்ளிக்காசு தரவேண்டியவன், இன்னொருவன் ஐம்பது. இருவருக்கும் கடனை மன்னித்துவிட்டார். யார் அவரிடம் அதிக அன்பாக இருப்பான் என்று இயேசு சீமோனைக் கேட்கிறார். எவனுக்கு அதிகம் மன்னித்தாரோ அவன்தான் என்று சீமோன் சொல்ல, 'சரியாய் நிதானித்தாய்' என்று பதில் வருகிறது. சீமோன் எவ்வளவு நேரம் யோசித்தார் என்ற பேச்சே அங்கே இல்லை. சரியாகத் தீர்மானித்தாய், சரியாகக் கணித்தாய் என்பது மட்டும்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும் 'நான் சொல்லுகிறதை நீங்களே நிதானித்துப்பாருங்கள்' என்று வரும். எடைபோட்டுப் பாருங்கள் என்று பொருள். நல்ல தீர்ப்புத்திறன் என்பதைத் தமிழில் ஒரே வினைச்சொல்லில் சொல்ல 'நிதானி'யைவிட நல்ல சொல் எனக்குத் தெரிந்து இல்லை. அது வழக்கொழிந்துகொண்டிருப்பது வருத்தம்தான்.

சரி, வேர் என்ன? இங்கே கொஞ்சம் சிக்கல். வடமொழியில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல, எழுத்தில் வேறு. ஒன்றில் வருவது மெல்லிய 'தா'. கட்டுதல் என்ற வேரிலிருந்து வந்தது. அதன் மிகப் பழைய பொருள் கயிறு, குறிப்பாகக் கன்றைக் கட்டும் கயிறு. இடுப்பில் கயிற்றால் கட்டுண்ட தாமோதரன் பெயரில் இருப்பதும் கட்டுதல் என்கிற அந்த வேர்தான். கயிற்றிலிருந்து, ஒன்றை இன்னொன்றோடு கட்டிவைக்கும் காரணம் என்ற பொருள் வளர்ந்தது. பௌத்தத்தின் பன்னிரண்டு நிதானங்கள் இந்தப் பொருளில்தான். மணிமேகலை அவற்றைப் பேதைமை, செய்கை, உணர்வு என்று தமிழிலேயே அடுக்கிச் சொல்கிறது. நோய்க்குக் காரணம் தேடுவதும் நிதானம் ஆயிற்று. ஆயுர்வேதத்தில் நோயறிதலுக்கு மாதவ நிதானம் என்றே ஒரு நூல் இருக்கிறது. அதற்கு நூலாசிரியர் வைத்த பெயர் ரோகவிநிச்சயம், அதாவது நோயை நிச்சயித்தல். இன்றும் ஆயுர்வேதக் கல்லூரிகளில் ரோகநிதானம் என்று தனித்துறை உண்டு. இந்தியில் நோயறிதலுக்கு நிதான் என்பதே சொல்.

இன்னொன்றில் வருவது மூச்சு விட்டு உச்சரிக்கும் 'தா'. கீழே வைத்தல், பத்திரமாக வைத்தல் என்பது அதன் பொருள். புதையல் என்றும் பொருள். நாம் சொல்லும் நிதி இந்த வேரில் பிறந்தது. மடாதிபதிகளைச் சந்நிதானம் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான்.

கன்னடத்தில் இரண்டு 'தா'வுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. மெதுவாக என்ற பொருளில் வரும் நிதானத்தை அவர்கள் மூச்சு விடும் எழுத்தில் எழுதுகிறார்கள். தெலுங்கர்கள் அதே பொருளுக்கு மூச்சில்லாத எழுத்தைப் போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து மொழிகளே எழுத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு சொல்லும் தெற்கே வந்து ஒன்றோடொன்று கலந்து வெகு காலம் ஆகியிருக்க வேண்டும். தமிழில் நமக்கு இருப்பது ஒரே 'த'. கலந்தது தெரியக்கூட வாய்ப்பில்லை.

என் கணிப்பு இது. நோய்க்குக் காரணம் தேடி நிச்சயிக்கிற அந்த நிதானம்தான் தமிழில் கணித்தல், எடைபோடுதல் என்று விரிந்தது. நாடி பிடிக்கிற வைத்தியரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று விரலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே நடப்பது கணிப்பு, வெளியே தெரிவது பதறாமை, இன்னும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது தாமதம். தமிழ் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. கன்னடத்தின் அன்றாடப் பேச்சில் கடைசியில் உள்ளதுதான் தங்கியது. அதனால்தான் நம் ஊர்ச் சாலையில் 'நிதானவாகி சலிசி' என்று பலகை வைத்தால் அதற்கு மெதுவாகச் செல்லவும் என்று மட்டும் பொருள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் கன்னட நிதானத்தில்தான் போகிறார்கள். தமிழ் நிதானத்தில் இருக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கன்னடத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தீர்ப்புத்திறனுக்கு அவர்களிடம் 'விவேசனே' இருக்கிறது. பதறாமைக்கு 'தாள்மெ' என்று அருமையான சொல் இருக்கிறது. நாம் 'வலி தாளல' என்கிறோமே, அந்தத் தாளுதல்தான். நாம் எதிர்மறையில் மட்டும் மிச்சம் வைத்திருக்கும் சொல்லை அவர்கள் நேராகவே புழங்குகிறார்கள்.

கிரிக்கெட்டில் இந்த வித்தியாசம் அழகாகத் தெரியும். நீங்கள் பெங்களூர்க்காரர், ஆகவே ராகுல் திராவிட் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். டெஸ்டில் அவர் சந்தித்த பந்துகள் 31,258. உலகில் வேறு யாரும் அத்தனை பந்து ஆடியதில்லை. தமிழ்ப் பத்திரிகை 'நிதானமாக ஆடினார்' என்று எழுதினால் அது மரியாதை. கன்னடப் பத்திரிகை 'நிதானகதி', அதாவது மெதுவான வேகம், என்று எழுதினால் அதில் ஒரு முணுமுணுப்பு இருக்கும், பாராட்ட வேண்டுமானால் அவர்கள் 'தாள்மெய ஆட்ட' என்பார்கள். இந்த மனிதர்தான் 2003ல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 22 பந்தில் ஐம்பது அடித்தார். அன்றைக்கு நிதானம் போய்விட்டதா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தில் எதை விடுவது, எதை அடிப்பது என்று அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கணிக்கிற கண் அவருக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். ஒரு நாள் அந்தக் கணிப்பு விடச் சொன்னது, இன்னொரு நாள் அடிக்கச் சொன்னது.

இனி உங்கள் கேள்வியின் உயிரான இடம், அந்த வாசல் பேச்சு. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெண்ணைப் பற்றிச் சொல்கிற சொற்கள் ஒரு சின்ன அகராதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. 'அமைதியான பொண்ணு' என்றால் அதிகம் பேசவில்லை என்று மட்டும்தான் பொருள், வேறு சொல்ல ஒன்றும் கிடைக்காதபோதும் அதைச் சொல்வார்கள். 'அடக்கமான பொண்ணு' என்பது பெண்ணுக்குக் கிடைத்த பாராட்டு என்பதைவிடச் சொல்கிறவரின் எதிர்பார்ப்பு. எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற நிம்மதி அதில் இருக்கிறது. 'கெட்டிக்காரி' நல்ல சொல், ஆனால் அது வேலையில், கையில் உள்ள சுறுசுறுப்பைச் சொல்வது. 'புத்திசாலி' படிப்பையும் மூளையையும் சொல்கிறது. புத்திசாலிகள் நிதானம் இழப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். 'விவரமான பொண்ணு' என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். சொல்கிற தொனியைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், 'இவளிடம் நம் பருப்பு வேகாது' என்ற கவலையாகவும் இருக்கும். 'வெகுளி' என்றால் உலகம் தெரியாதவள். மந்தம் என்று நினைத்திருந்தால் ஒன்று வாயைத் திறக்காமல் போயிருப்பார்கள், அல்லது வீட்டுக்குப் போய் 'அசமந்தமா இருக்கா' என்று சொல்லியிருப்பார்கள். வாசலில் நின்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லமாட்டார்கள்.

'நிதானமான பிள்ள' இவற்றில் எதனோடும் சேராது. அது உங்கள் தீர்மானத்தின் தரத்தைப் பற்றிய பேச்சு. அந்த அம்மா கேட்ட கேள்வியையே பாருங்களேன். 'வேலையை விட்டுடறேன்' என்று சட்டென்று சொல்லியிருந்தால் அவரைத் திருப்திப்படுத்தச் சொன்னதாகத் தோன்றியிருக்கும். 'விடமாட்டேன்' என்று சட்டென்று சொல்லியிருந்தால் துடுக்கு என்று தோன்றியிருக்கும். நீங்கள் முள் நிற்கிற வரை பொறுத்தீர்கள். அதுவும் முடிவை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கவேண்டியது என்று சொன்னீர்கள். ஒரு வீட்டை வருஷக்கணக்காக நடத்திய பெண்மணிக்கு அதன் மதிப்பு தெரியும். திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை என்று அழைப்பதிலேயே பாதி உரிமை வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

நிதானத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். விவேகம் என்பது பிரித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறிவது. சாலையோரம் 'வேகம் விவேகமல்ல' என்று எழுதிவைத்ததில் ஓசை நன்றாக அமைந்தது, மற்றபடி அது பேச்சில் அதிகம் வராத, கொஞ்சம் மேடைவாசனை உள்ள சொல். பகுத்தறிவு அதே கருத்தின் தமிழ் வடிவம், பகுத்து அறிதல். ஆனால் பெரியார் 1934ல் அந்தப் பெயரிலேயே இதழ் நடத்திய காலத்திலிருந்து அது ஒரு இயக்கத்தின் சொல்லாகிவிட்டது. இன்று 'பகுத்தறிவான பொண்ணு' என்றால் சாமி கும்பிடாத பெண் என்றுதான் புரிந்துகொள்வார்கள். இங்கிதம், பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்ளத் தெரிவது. சமயோசிதம் மட்டும் சுவாரசியமானது, ஏனென்றால் அது நல்ல கணிப்பின் அவசர வடிவம். தண்டவாளத்தில் மரம் விழுந்திருப்பதைப் பார்த்துச் சட்டென்று பிரேக் போட்ட ரயில் ஓட்டுநர் 'சமயோசிதமாகச் செயல்பட்டார்' என்றுதான் செய்தி வரும். அங்கே நிதானமாக என்று எழுதினால் ஆட்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நிதானத்துக்கு எதிராக ஒரு வாதம் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பது நல்ல கணிப்பா? வள்ளுவர் இதற்கு நேராகவே பதில் சொல்லியிருக்கிறார், நிதானம் என்ற சொல்லைத் தொடாமல். 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' என்பது 672ஆம் குறள். இங்கே தூங்குவது படுத்து உறங்குவது இல்லை, காலம் எடுத்துக்கொள்வது. பொறுத்துச் செய்யவேண்டியதைப் பொறுத்துச் செய், பொறுக்கக்கூடாததைப் பொறுக்காதே. எது எந்த வகை என்று அவர் பட்டியல் போடவில்லை. அதை அந்தந்த நேரத்தில் கணிப்பது உங்கள் பாடு. சோம்பலால் இழுத்தடிப்பதற்கு அவர் வேறு சொல் வைத்திருக்கிறார், நெடுநீர். அதை 605ஆம் குறளில் மறதி, சோம்பல், தூக்கம் இவற்றோடு சேர்த்துக் கெட்டுப்போகிறவர்களின் கணக்கில் எழுதிவிட்டார்.

தூங்கு என்ற சொல்லின் பழைய பொருள் தொங்குதல். தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் கூடு தொங்குவதால். தூங்கு என்பதன் பிறவினை தூக்கு. தூக்குவது என்றால் எடைபோடுவதும்தான். சீர்தூக்கிப் பார்ப்பது என்று இன்றும் சொல்கிறோம். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று வள்ளுவரும் தராசைத்தான் காட்டுகிறார். ஆக, தொங்குவது, காலம் எடுத்துக்கொள்வது, எடைபோடுவது மூன்றும் பழந்தமிழில் ஒரே குடும்பம். நிதானம் என்ற வந்தேறிச் சொல் கணிப்பையும் மெதுவையும் ஒன்றாகச் சுமக்க இந்த ஊரில் தயக்கமே இருந்திருக்காது, அதற்கு முன்னாலேயே இங்கே ஒரு சொல் அப்படிச் சுமந்துகொண்டிருந்தது. இதை யோசித்தபோது அப்பாவின் தராசுதான் நினைவுக்கு வந்தது, வேறென்ன.

வள்ளுவர் என்றதும் அல்சூர்க்காரன் வாய் சும்மா இருக்காது. எங்கள் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற திருவள்ளுவர் சிலை 1991ல் திறக்கப்படவேண்டியது. எதிர்ப்பு கிளம்பி மூடிய துணியோடு 18 வருஷம் நின்றது. 2009 ஆகஸ்ட் 9ல் திறந்தார்கள். அதற்கு ஈடாக ஆகஸ்ட் 13ல் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்த 18 வருஷம் தமிழ் நிதானமா, கன்னட நிதானமா, அல்லது நெடுநீரா என்று எங்கள் தெரு டீக்கடையில் இன்றும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். ஆளுக்கு அடைமொழியாக வரும்போது, அதாவது நிதானமான பிள்ளை, நிதானமான மனுஷன் என்று வரும்போது, இந்தச் சொல் அநேகமாக எப்போதும் பாராட்டு. செயலோடு வரும்போது அப்படி உறுதி சொல்ல முடியாது. 'யோசிச்சு நிதானமா சொல்லு' என்றால் அக்கறை. 'துரை நிதானமா பதினோரு மணிக்கு வர்றாரு' என்றால் வசை. அங்கே வேண்டுமென்றே அந்தப் பெரிய சொல்லைச் சோம்பேறியின் தோளில் போர்த்தி வேடிக்கை பார்க்கிறார்கள். சாவகாசமாக என்பதும் இதே மாதிரி ஏச்சுக்குப் பயன்படும். குரல் கடைசியில் இழுபட்டால் வசை, இழுபடாவிட்டால் பாராட்டு. இதை எழுத்தில் காட்ட முடியாது, காதால்தான் பிடிக்கவேண்டும்.

வாசலில் நீங்கள் கேட்டது முதல் வகை. கல்யாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே அத்தை அடுப்படியிலிருந்து "எம் மருமவ நிதானமா எந்திரிச்சு வாறா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால், அது இரண்டாவது வகை. அன்றைக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருக்காமல் எழுந்து போய்க் காபியைப் போட்டுவிடுங்கள்.